வயிறு ஃபெயிலான நாள்

என் வயிற்றுக்குள் ஒரு மெஷினை வைத்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, வாசலில் பலூன் கட்டாததுதான் பாக்கி.

மெஷின் என்றதும் பயந்துவிடாதீர்கள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். வாய் வழியாகக் குழாயை விட்டு, வயிற்றின் உள்சுவரில் ஒரு கிளிப் போட்டு மாட்டிவிட்டார்கள். மயக்க மருந்து கொடுத்திருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விழித்தபோது தொண்டை மட்டும் உப்புத்தாளால் தேய்த்த மாதிரி எரிந்தது. இதயத்துக்கு இருப்பதுபோல வயிற்றுக்கும் மின்சாரம் உண்டாம். ஒழுங்கான வயிறு நிமிடத்துக்கு மூன்று அலை எழுப்பி, உள்ளே போனதை அரைத்துக் கீழே தள்ளுமாம். அந்த அலையை மெஷின் பிடித்து, என் இடுப்பில் கட்டியிருக்கும் சின்னப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதை எங்கள் போனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாளில் கிளிப் தானாகக் கழன்று, எல்லாம் போகிற வழியிலேயே அதுவும் போய்விடும்.

"தேடி எடுத்துட்டு வரணுமா டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்து முடித்த பிறகுதான், "வேணாம் சார்" என்றார்.

எனக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில், என் காலுக்கென்று தனியாக ஒரு பிரேக்கோடு உட்கார்ந்து, பிறர் செய்யும் தப்புகளுக்கெல்லாம் நான் மிதித்துக்கொண்டிருப்பேன். மூன்று வருடமாக நாலு வாய்க்கு மேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்தாவது வாயில் வயிறு கல்லாகிவிடும். மீறிச் சாப்பிட்டால் எல்லாம் திரும்பி வரும். உடம்பு பாதியாகி, பழைய உடுப்புகள் என்மேல் தொங்கின. எடுக்காத ஸ்கேன் இல்லை. எல்லாவற்றிலும் "கோளாறு எதுவும் இல்லை" என்றே வந்தது. கோளாறு இல்லை என்று வந்துவிட்டால் அப்புறம் ஊரில் எல்லோரும் டாக்டர்கள்தான். வாயு என்றார்கள், அல்சர் என்றார்கள், காரில் குலுங்குவதால் என்றார்கள், கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து மனசு என்று முடிவு கட்டினார்கள்.

மனசு கட்சிக்குத் தலைவி என் நாத்தனார். நாற்பது வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். பூங்காவில் காலை நேரத்தில் சிரிப்பு வகுப்பு நடத்துகிறாள். பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நின்று, ஒரு காரணமும் இல்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு ஹா ஹா என்பார்கள். அதில் முட்டிவலி போனவர்கள் உண்டு என்று அவள் சத்தியம் செய்வாள்.

"அண்ணி, உங்க வயித்துல ஒண்ணும் இல்ல. எல்லாம் இங்க இருக்கு" என்று என் நெற்றியில் விரலை வைப்பாள். "நீங்க மனசு விட்டுச் சிரிச்சு எத்தனை நாளாச்சு?"

நல்லவள்தான். எனக்காக உயிரையும் விடுவாள். ஆனால் அவள் விரல் என் நெற்றியில் படும்போதெல்லாம் எனக்கு அதைக் கடித்துவிடலாம் போலிருக்கும்.

இந்த டாக்டரம்மா மட்டும்தான் என்னை நம்பினார். அலை தாறுமாறாகப் போகிறது என்று அவருக்குச் சந்தேகம். அது உண்மையாக இருந்தால், வயிற்றுக்கு வெளியே இன்னொரு மெஷினைத் தைத்துவைத்து, சின்னச் சின்ன மின்துடிப்பு கொடுத்து என்னைச் சாப்பிடவைக்க முடியும். ஆனால் சந்தேகத்தை நம்பி யாரும் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். அலை கெட்டுப்போவது பதிவாகியே தீர வேண்டும். பதிவானால் அடுத்த மெஷின். இல்லையென்றால் "மனசு" என்று எழுதி மூடிவிடுவார்கள். சாகும்வரை நான் நாலு வாயோடு எழுந்துகொள்ள வேண்டியதுதான்.

"வழக்கம்போல இருங்க" என்றுதான் டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். "சாப்பாடு, வேலை, சண்டை, எல்லாம் வழக்கம்போல."

அவர் சொன்னதில் இந்த ஒன்றை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரர் கணக்கு டியூஷன் எடுக்கிறார். ஊர் கூப்பிடுவதைப் பார்த்து நானும் வாத்தியார் என்றே கூப்பிடப் பழகிவிட்டேன். எந்தத் தாளில் எந்த எண் இருந்தாலும் அவருக்கு அது மார்க்தான். ஒருமுறை என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "பன்னெண்டுதானா? எத்தனைக்கு?" என்று கேட்ட மனிதர் அவர். அப்படிப்பட்டவரிடம் "உங்கள் மனைவியின் வயிற்றுக்கு ஒரு டெஸ்ட், வரவேண்டியது மூன்று" என்று சொல்லி அனுப்பினால் சும்மா இருப்பாரா?

தயார்செய்ய ஆரம்பித்துவிட்டார். சுவரில் கால அட்டவணை ஒட்டினார். மணிக்கு ஒருதரம் அரை டம்ளர் சூப், நடுவில் இரண்டு ஸ்பூன் மசித்த உருளைக்கிழங்கு. டிரைவிங் ஸ்கூலுக்கு எனக்காக அவரே போன் செய்து லீவு சொன்னார். மாடியில் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேற வேண்டும் என்று உத்தரவு. "சத்தம் போடாதீங்க, கீழ பரீட்சை நடக்குது" என்று அவர் சொல்வதை என் காதாலேயே கேட்டேன். அத்தனை பிள்ளைகளும் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே மாடிக்குப் போனார்கள்.

பாப்பா தன் பங்குக்குக் காலையில் கூடத்திலேயே ஒரு சிறப்பு வகுப்பு நடத்தினாள். சோபாவில் சாய்ந்தபடி நான் ஹா ஹா என்றேன்.

மாமாவைத்தான் அடக்க முடியவில்லை. என் மாமனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மைக் இல்லாமலேயே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். போனை டிவிக்கு முன்னால் நிறுத்திவைத்து, எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திரையில் பச்சைக்கோடு மெதுவாக ஏறும், இறங்கும். ஓரத்தில் எண் வரும்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பார் மாமா. "மூன்று. மீண்டும் மூன்று. வயிறு குறித்த நேரத்தில் வந்துகொண்டிருக்கிறது!"

சமையலறையிலிருந்து வாத்தியார் கைதட்டுவார்.

சும்மா சொல்லக்கூடாது, எனக்குச் சொர்க்கமாக இருந்தது. மூன்று வருடத்தில் முதன்முறையாக ஒரு வாந்திகூட இல்லை. கையில் சூப், தலைக்கு இரண்டு தலையணை. தெருவில் யார் எந்தக் காரை எதன்மேல் ஏற்றினாலும் நான் மிதிக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டுக்காரர்கூட சைக்கிளை நிறுத்தி, "இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்பார். "மூணு!" என்று நான் ஜன்னல் வழியாகக் கத்துவேன்.

பாதி நாட்கள் கழிந்ததும் டாக்டரம்மா ஒருதரம் வந்து காட்டச் சொல்லியிருந்தார். வாத்தியார் போகிற வழியில் கேக் வாங்கிக்கொண்டார். ரிசல்ட் வாங்கப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாதாம்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் கோட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். நாங்கள் இருவரும் நாற்காலி நுனியில் இருந்தோம்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார்.

வாத்தியாரின் மார்பு விரிந்தது. கேக் பெட்டியின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"இவ்வளவு அழகா நான் ஆரோக்கியமானவங்க வயித்துலகூடப் பார்த்ததில்லை. எனக்குப் புரியவே இல்ல. என்ன சாப்பிட்டீங்க?"

"சூப்" என்றேன்.

"வேற?"

"மசிச்ச உருளைக்கிழங்கு. ரெண்டு ஸ்பூன்."

"கார் ஓட்டக் கத்துக்குடுக்கப் போகலையா?"

"நான்தான் டாக்டர் லீவு சொன்னேன்" என்றார் வாத்தியார் பெருமையாக. "வீட்டுல ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாம பார்த்துக்கிட்டோம்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சார், இது பரீட்சை இல்ல. திருடன் வர்ற வீட்டுல கேமரா வச்சிருக்கோம். நீங்க வாசல்ல போலீஸை நிறுத்தி வச்சிருக்கீங்க. அப்புறம் திருடன் எப்படி வருவான்?"

வாத்தியார் அவிழ்த்த நாடாவை மறுபடியும் கட்டினார்.

"கடைசிவரைக்கும் இப்படியே இருந்தா, நார்மல்னுதான் நான் எழுதியாகணும். இன்னொரு தடவை இந்த மெஷின் கிடைக்குமான்னு என்னால சொல்ல முடியாது. கிளிப் எப்ப வேணாலும் கழண்டுடும்." அவர் என்னைப் பார்த்தார். "இருக்கிற நாளாவது வழக்கம்போல இருங்கம்மா."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்தச் சமயத்திலாவது அலை கொஞ்சம் கெட்டிருக்கக் கூடாதா என்று போனை எடுத்துப் பார்த்தேன். அதே மூன்று.

கேக்கை வரவேற்பறைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தோம். "என்ன விசேஷம் சார்?" என்று அவள் கேட்பதற்குள் வாத்தியார் வாசலைத் தாண்டியிருந்தார்.

திரும்பும் வழியில் பாப்பா போன் செய்தாள். "நார்மலா? நிஜமாவா? நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி! மனசு லேசாச்சு, வயிறும் சரியாயிடுச்சு பாருங்க!" குரலில் அவ்வளவு சந்தோஷம். குதித்துக்கொண்டே பேசுகிறாள் என்பது காதிலேயே தெரிந்தது.

நான் போனை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டேன். கோபம் வந்தது என்று சொல்வேன், அது உண்மைதான். ஆனால் கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. அவள் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? சூப்பும் தலையணையும் கொடுத்தவுடன் சரியாகிற வயிறு என்றால், மூன்று வருடமாக நான் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேனா, என்னையும் சேர்த்து? நோய் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே கார் ஓட்டிய ஒரே ஆள் அன்று நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் வாத்தியார் சுவரிலிருந்த கால அட்டவணையைக் கிழித்தார். பாவமாக இருந்தது. "இருபது வருஷமா எல்லாரையும் பாஸ் பண்ண வச்சே பழகிட்டேன்" என்றார். "ஃபெயில் ஆக வைக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியலையே."

"உன் பசங்ககிட்ட கேளு" என்றார் மாமா. "நீ இல்லாமலே அவங்க எத்தனை தடவை ஆகியிருக்காங்க!"

முதலில் எனக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு அவருக்கு வந்தது. கிழித்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் கூடத்தின் நடுவில் நின்று, மூச்சு வாங்கும்வரை சிரித்தோம். மாமா அதற்கும் ஒரு மூன்று அறிவித்தார்.

மறுநாள் காலையே வேலைக்குப் போனேன். என் மாணவர்களிலேயே மிக மோசமானவரை முதலில் வரச்சொன்னேன். அவர் மொத்த முட்டை வியாபாரி. தொழில்தான் முட்டை, ஓட்டுவதென்னவோ இரும்பு ஏற்றிய மாதிரி இருக்கும். காற்றில் காகிதம் பறந்தால் பிரேக், எதிரே நாய் கொட்டாவி விட்டால் பிரேக். அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் என் குடல் இடம் மாறியிருக்கும்.

நான் தனியாகப் போகலாம் என்று கிளம்பினால், பின்சீட்டில் மூன்று பேர். நடுவில் போனோடு மாமா, ஒரு பக்கம் வாத்தியார், மறுபக்கம் பாப்பா. வகுப்பை ரத்து செய்துவிட்டு வந்திருந்தாள். "அண்ணி மனசு எப்படி இருக்குன்னு நான் பார்க்கணும்" என்றாள்.

"வழக்கம்போல இருன்னு சொன்னாங்களே, இதுவா வழக்கம்?" என்று கேட்டேன்.

"நாங்க இல்லன்னு நினைச்சுக்கோ" என்றார் வாத்தியார், என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி.

விஷயத்தைக் கேட்ட முட்டைக்காரர் நெகிழ்ந்துபோய்விட்டார். "கவலையே படாதீங்க டீச்சர். உங்க வயித்துக்காக எத்தனை பிரேக் வேணும்னாலும் போடுறேன்."

சொன்னாரே தவிர, பின்னால் மூன்று பேர் உற்றுப் பார்க்கிறார்கள் என்றதும் அந்த மனிதருக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. வண்டியை எடுத்தார் பாருங்கள், பட்டுத் துணியில் விரல் ஓடுவதுபோல ஓட்டினார். வளைவில் விளக்குப் போட்டார். பாட்டி ஒருத்தி சாலையைக் கடக்கும்வரை பொறுமையாக நின்று, கையசைத்து வழியனுப்பினார். ஒருமுறைகூட என் கால் பிரேக்கைத் தொடவில்லை.

"மூன்று" என்றார் மாமா, துக்கமாக.

"கொஞ்சம் மோசமா ஓட்டுங்களேன்" என்று கெஞ்சினார் வாத்தியார்.

"வரமாட்டேங்குது சார்! எனக்கே ஆச்சரியமா இருக்கு!" முட்டைக்காரரின் முகமெல்லாம் சந்தோஷம். "டீச்சர், பார்த்தீங்களா, நான் ஓட்டுறேன்!"

எப்படித் திட்டுவது? அவருக்கு அன்றுதான் கார் ஓட்ட வந்திருந்தது.

அந்தச் சந்தோஷத்திலேயே, வண்டியை நிறுத்துவதற்காக ஓரம் கட்டியபோது குப்பைத்தொட்டிமேல் ஏற்றிவிட்டார். நான் மிதித்தேன், எல்லோரும் முன்னால் பாய்ந்தோம், மாமாவின் கண்ணாடி என் மடியில் வந்து விழுந்தது. தொட்டி உருண்டு போய் ஒரு கடைவாசலில் நின்றது. பிறகு மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனைத் தேடியெடுத்து, நெற்றிக்கு அருகே பிடித்து, "மூன்று!" என்றார்.

அவ்வளவுதான். அடக்க முடியவில்லை. பாப்பா கதவில் சாய்ந்து சிரித்தாள், வாத்தியார் என் சீட்டைக் குத்திக் குத்திச் சிரித்தார், எதற்கென்றே தெரியாமல் முட்டைக்காரரும் ஹாரனில் தலை வைத்துச் சிரிக்க, ஹாரன் தெருவெல்லாம் அலறியது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அந்த நீரில் பாதி சிரிப்பில் வந்ததல்ல என்பது எனக்கு மட்டும் தெரியும். இத்தனை குலுக்கலுக்கும் அசையாத வயிறு என்றால், நான் நார்மல்தான். இனி இந்த நாலு வாய்க்கு என்னைத் தவிர யாரையும் குறைசொல்ல முடியாது.

மாமாவுக்குப் பசி வந்துவிட்டது. முட்டைக்காரரையும் இழுத்துக்கொண்டு, பஸ் டிப்போவுக்கு எதிரே இருந்த ஹோட்டலுக்குள் நுழைந்தோம். மதியச் சாப்பாட்டு நேரம். டிரைவர்களும் கண்டக்டர்களும் மேசைகளை நிறைத்திருந்தார்கள். சர்வர் வந்ததும் வாத்தியார் வழக்கம்போல, "இவங்களுக்கு மட்டும் ஒரு சூப்" என்று ஆரம்பித்தார்.

எனக்கு எங்கிருந்தோ ஒரு வெறி வந்தது. "சூப் வேணாம்" என்றேன். "அந்த மேசையில அவர் சாப்பிடுறாரே, அது எனக்கு. முழுத்தட்டு."

வறுத்த கோழி, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஒரு குவியல் உருளைக்கிழங்கு வறுவல்.

"நீயா?" என்றார் வாத்தியார்.

"நான் நார்மல்தானே? நார்மல் மனுஷி எப்படித் தின்னுவாளோ அப்படித் தின்னுறேன்."

டெஸ்ட்டை நினைத்துக்கொண்டு கேட்டேன் என்று நினைக்காதீர்கள். அதை நான் கைவிட்டுவிட்டேன். வீம்புக்குத்தான் கேட்டேன். ஆனால் முதல் வாய் வைத்ததும் வீம்பு போன இடம் தெரியவில்லை. அடடா, கோழித்தோல் மொறுமொறுப்பாக உடைந்து எண்ணெய் நாக்கில் வழிந்தது. ரொட்டியில் வெண்ணெய் உருகியிருந்தது. நாலாவது வாய், ஐந்தாவது வாய், எண்ணுவதை விட்டுவிட்டேன். மூன்று வருடப் பசி எனக்கு. கையும் வாயும் எண்ணெயாக, பக்கத்து மேசைக் கண்டக்டரே சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார்.

"இறங்குது பாருங்க! இறங்குது!" என்று பாப்பா கைதட்டினாள்.

மாமா குஷியாகி, வேலையில் இருந்த காலத்துக் கதை ஒன்றை எடுத்துவிட்டார். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் ரயிலை வேறு நடைமேடைக்கு மாற்றி அறிவித்துவிட்டாராம். ஒரு நிலையமே மூட்டை முடிச்சோடு பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் ஓடியதாம். "அதுல யாரு முன்னாடி ஓடினது தெரியுமா? ஸ்டேஷன் மாஸ்டர்! ரயில் எந்த நடைமேடைக்கு வரும்னு முடிவு பண்ணினதே அவருதான், அவருக்குத் தெரியாதா? இருந்தாலும் என் குரலைக் கேட்டதும் மனுஷன்..."

நான் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தேன். வேண்டுமென்று சிரிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து தானாகவே வந்தது.

மாமா கதையை நடுவில் நிறுத்திவிட்டார். போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு" என்றார்.

"என்ன நாலு?" என்றார் வாத்தியார்.

"நாலு காட்டுது." அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை. "இல்ல. அஞ்சு."

பாப்பா என் முகத்தைப் பார்த்தாள். நான் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, ஏதாவது பண்ணுதா?"

"ஒண்ணுமே இல்ல. நல்லாத்தான் இருக்கேன். அந்தத் தட்டை இப்படித் தள்ளு. மாமா, ஸ்டேஷன் மாஸ்டர் அப்புறம் என்ன ஆனாரு?"

மற்ற மூன்று தலைகளும் போன்மேல் கவிழ்ந்திருந்தன; பாப்பா மட்டும் போனையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பச்சைக்கோடு இப்போது ஏறி இறங்கவில்லை. குழந்தை கிறுக்கியதுபோலத் துடித்தது. ஏழு என்றது, ஆறு என்றது, மறுபடி ஏழு. பிறகு கிறுக்கல் நின்று, கோடு நீளமாகப் படுத்துவிட்டது. அத்தனையும் நடக்கும்போது நான் மெய்யாகவே சிரித்த முகத்தோடு இன்னொரு துண்டு ரொட்டிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தேன்.

கை ரொட்டியைத் தொட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிடரியில் வியர்த்தது. வாயில் எச்சில் ஊறியது. வயிறு கல்லானது. மூன்று வருடமாக என்னோடு குடித்தனம் நடத்தும் அதே கல், வேறெதுவும் இல்லை.

"வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன்.

எனக்குப் பின்னால் நாற்காலி ஒன்று விழுந்தது. "ஃபெயில்!" என்று வாத்தியார் அலறினார். "ஃபெயில்! என் பொண்டாட்டி ஃபெயில்!" கழிவறைக் கதவைத் தள்ளும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் முட்டைக்காரரைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார். மாமா நாற்காலியிலிருந்து எழுந்து, பழைய குரல் முழுசாகத் திரும்பிவர, டிப்போ முழுக்கக் கேட்கும்படி முழங்கினார்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! வயிறு காலவரையின்றி நிறுத்தப்பட்டுள்ளது!" நாலைந்து கண்டக்டர்கள் விவரம் தெரியாமலே கைதட்டினார்கள்.

கோழியெல்லாம் வந்தது. ரொட்டி வந்தது. கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நான் எடுத்த வாந்தியின் நடுவே, வெளியே ஹோட்டல் முதலாளி பதறுவது கேட்டது. "சார், கோழி காலையில வந்த கோழி சார்! சத்தியமா புதுசு சார்!"

"உங்க கோழிக்கு நூத்துக்கு நூறு சார்!" என்று வாத்தியார் கத்தினார். "இன்னும் ரெண்டு தட்டு கட்டுங்க!"

பிறகு போன் மணி அடித்தது. மாமா ஸ்பீக்கரில் போட்டிருக்க வேண்டும். டாக்டரம்மாவின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. "அவங்க எப்படி இருக்காங்க? இங்க திரையில பார்த்துட்டுத்தான் இருக்கோம். இது போதும். இதுதான் எனக்கு வேணும். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, அடுத்த மெஷினுக்கு நாள் குறிச்சிடலாம்."

காலியான வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. தொட்டியின் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தேன். அழுதேனா என்று கேட்டால், அதுவும்தான்.

அப்போதுதான் பாப்பா உள்ளே இருப்பதைப் பார்த்தேன். என் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறாள். கதவுக்கு அருகே ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்ணி" என்றாள். "அப்பா நாலுன்னு சொன்னப்ப நீங்க சிரிச்சுட்டு இருந்தீங்க."

நான் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"மனசுக்கு ஒண்ணுமே இல்ல. நான் பார்த்துட்டே இருந்தேன். இன்னொரு ரொட்டி எடுத்தீங்க. அதுக்கு முன்னாடியே அது கெட்டுப்போச்சு." அவள் உதடு கோணியது. "மூணு வருஷமா இப்படியாண்ணி?"

"இப்படித்தான்."

"நான் உங்களைச் சிரிங்க சிரிங்கன்னு சொல்லிட்டே இருந்தேனே."

மூன்று வருடமாக அவளுக்கென்று சேர்த்துவைத்த வார்த்தைகள் என்னிடம் நிறைய இருந்தன. காரில் தனியாக இருக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றையும் தீட்டிப் பார்த்திருக்கிறேன். நல்ல கூரான ஒன்றாகப் பொறுக்கி வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதில் மீதியிருந்த உருளைக்கிழங்கு வந்தது.

பாப்பா எழுந்து ஓடிவந்தாள். ஒரு கையால் என் கூந்தலை மொத்தமாகப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு உள்ளங்கையை என் நெற்றியில் வைத்துத் தாங்கினாள். அவள் விரல் வைக்கிற அதே இடம்தான்.

"எடுங்கண்ணி" என்றாள் அழுதுகொண்டே. "நல்லா எடுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல. நான் இருக்கேன்."

மூன்று வருடத்தில் சாப்பிடச் சொன்னவர்கள், சிரிக்கச் சொன்னவர்கள், மறந்துவிடச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். வாந்தி எடுக்கச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.